ஒரே கழிவறையா, தனித்தனியா? வெளிக்காட்டுப் பெண்களைக் கேட்டீர்களா?

‘ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் அதை அடக்கிக்கொண்டுதான் நம் பெண்கள் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். விடியுமுன்னே பெரட்டுக்கு வந்து நிற்கிற அம்மா, மத்தியானம் வீடு திரும்பும் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. ஏனம்மா என்று கேட்டால், “குடிச்சா போவணுங்க. போறதுக்கு எடம் எங்க இருக்கு?” என்று திருப்பிக் கேட்கிறார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

பட்டணத்தில் ஒரு விவாதம்

வேலையிடங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டுமா, இருவருக்கும் பொதுவாக ஒன்று போதுமா என்று உலகத்தின் பல நாடுகளில் இப்போது பெரிய வாக்குவாதம் நடக்கிறது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்று வருகிற சொல் பிறப்பால் பெண்ணானவரையே குறிக்கும் என்பது அந்தத் தீர்ப்பு. அதற்குப் பிறகு அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் எந்தக் கழிவறை யாருக்கு என்ற பேச்சு சூடு பிடித்துவிட்டது.

இது குளுகுளு அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் விவகாரம், செம்பனைக் காட்டில் உரம் போடுகிற நமக்கு இதில் என்ன என்று சிலர் நினைக்கலாம். அப்படி விட்டுவிடக் கூடாது. பட்டணத்தில் பேசுகிற பேச்சு நாளைக்குத் தோட்டத்து ஆபீசுக்கும் வரும். “உலகமே பொதுக் கழிவறைக்கு மாறுகிறது, உங்களுக்கு மட்டும் எதற்கு ரெண்டு?” என்று நிர்வாகம் கேட்கும். ரெண்டு கட்டுகிற செலவை விட ஒன்று கட்டுகிற செலவு குறைவு என்பது எந்த துரைக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே நம் பதிலை நாம் இப்போதே தயார் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் பிறந்த கதை

பெண்களுக்குத் தனிக் கழிவறை என்பது யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆலை வேலைக்குப் போன காலத்தில்தான் அந்தக் கேள்வியே பிறந்தது. அமெரிக்காவில் 1887-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம் முதன்முதலாக வேலையிடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிவறை வேண்டும் என்று சட்டம் போட்டது. பிறகு மற்ற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் வந்தன. நம் உறவுமுறைக்காரர்கள் தேயிலை பறிக்கிற இந்தியாவிலும், 1951-ஆம் ஆண்டில் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்று எழுதி வைத்தது.

பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டு விதி இன்னும் நுட்பமானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஒவ்வொரு கழிவறையும் தனி அறையாக இருந்து, கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ள முடியுமானால், அப்போது மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். இதைத் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பொதுக் கழிவறை என்றால் நாலு தடுப்பு வைத்து, மேலேயும் கீழேயும் திறந்து விட்டு, ஆணையும் பெண்ணையும் ஒன்றாக அனுப்புவது என்று அர்த்தமில்லை. முழுச்சுவர், முழுக்கதவு, உள்தாழ்ப்பாள் மூன்றும் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம் உண்டு.

காட்டு வேலைக்கும் விதி உண்டு

“அதெல்லாம் கட்டடத்துக்குள்ளே வேலை செய்கிறவர்களுக்கு. வெட்டவெளியில் எப்படி வைக்கிறது?” என்று கேட்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் காய்கறி பறிக்கிற, களை பிடுங்குகிற வயல் தொழிலாளர்கள் இதையே கேட்டார்கள். 1970-களில் தொடங்கிய கோரிக்கை. அரசாங்கம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் நீதிமன்றம் கண்டித்த பிறகு 1987-ஆம் ஆண்டில் விதி வந்தது. வயலில் 11 பேருக்குக் குறையாமல் கைவேலை செய்தால், 20 பேருக்கு ஒரு கழிவறை, கை கழுவ ஓர் இடம். அது கால் மைல் நடைத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், உள்ளேயிருந்து தாழிட முடிய வேண்டும்.

கால் மைல் என்றால் சுமார் 400 மீட்டர். 9 மீட்டருக்கு ஒரு செம்பனை என்று வைத்தால் 44 மரத் தூரம். நம் பெண்களில் எத்தனை பேருக்கு 44 மரத் தூரத்தில் ஒரு கதவு இருக்கிறது? நிரையை விட்டு லயத்துக்கு நடந்து போய்த் திரும்பினால் அரை மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் போட்டிருக்க வேண்டிய உர மூட்டைக்கு யார் கூலி கொடுப்பார்கள்? அதனால்தான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்குகிறார்கள். ஒருத்தி ஒதுங்க, இன்னொருத்தி காவலுக்கு நிற்கிறாள். பாம்புக்கும் பயம், ஆளுக்கும் பயம்.

மருந்தடிக்கிற பெண்களின் நிலை இன்னும் மோசம். பராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை வந்துவிட்டது. அது நல்ல செய்தி. ஆனால் மற்ற மருந்துகள் இருக்கின்றன. தண்ணீரும் சவர்க்காரமும் இல்லாமல், மருந்து பட்ட கையோடு ஒதுங்கினால், மென்மையான தோல் வழியாக நஞ்சு எளிதாக உடம்பில் ஏறும். ஒதுங்காமல் அடக்கினாலோ சிறுநீர்த் தொற்று, நீர்க்கடுப்பு. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றால் மயக்கம், சிறுநீரகக் கல். மாதவிலக்கு நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் வேலைக்கு வராமல் சம்பளத்தை இழக்கிற பெண்கள் உண்டு. கழிவறை இல்லாததற்கு அபராதம் அவர்கள் கட்டுகிறார்கள்.

நாம் பார்த்த இரண்டு தோட்டங்கள்

ஒரு தோட்டத்தில் நாம் போராடி, காட்டுச் சாலை ஓரத்தில் ஒரு கழிவறை வைக்கச் செய்தோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. வெற்றி என்று கூட்டத்தில் கைதட்டினோம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெண்கள் ஒருவரும் அதில் போவதில்லை. தாழ்ப்பாள் பிய்ந்து கிடந்தது. ஆண்கள் நின்றபடி போய்த் தரையெல்லாம் ஈரம். துணியோ பஞ்சோ போட ஒரு தொட்டி இல்லை. வெளியே நிழலில் ஆண்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு பெண் எப்படிக் கதவைத் திறந்து போவாள்? நிர்வாகமோ, “கட்டிக் கொடுத்தோம், உங்க ஆளுங்க பழகல” என்று நம்மையே குறை சொன்னது.

இன்னொரு தோட்டத்தில் ரெண்டு கதவு. ஒன்றில் ஆண் படம், ஒன்றில் பெண் படம். பார்த்ததும் மகிழ்ந்தோம். ஆனால் பெண்கள் கழிவறையில் பூட்டுத் தொங்கியது. சாவி எங்கே என்றால் ஆபீசில், கிராணியிடம். அசுத்தம் பண்ணிவிடுகிறார்கள் என்று பூட்டி வைத்தார்களாம். வயசுப் பெண் ஒருத்தி ஆம்பிளைக் கிராணியிடம் போய், எனக்குச் சாவி கொடுங்க என்று கேட்பாளா? மெய்யாகத் தனிக் கழிவறைதான். ஆனால் அது பார்வையாளர்களுக்கும், சான்றிதழ் பரிசோதனைக்கு வருகிற அதிகாரிகளுக்கும் காட்டுவதற்காக இருந்தது.

இந்த ரெண்டு அனுபவமும் நமக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தன. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நாம் திரும்பிவிடக் கூடாது. ஒரு பெண் பயமில்லாமல், வெட்கமில்லாமல், யாரையும் கேட்காமல் உள்ளே போய் வர முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம்

குடியிருப்பில் கழிவறை பற்றி 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் பேசுகிறது. 2020-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஆலை வேலைக்கு 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இருந்தது. வெளிக்காடுதான் எப்போதும் நடுவில் விழுந்து போயிற்று.

2024 ஜூன் 1-ஆம் தேதி அந்தத் தொழிற்சாலைச் சட்டம் நீக்கப்பட்டது. அதே நாளில், திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கிட்டத்தட்ட எல்லா வேலையிடத்துக்கும் நடைமுறைக்கு வந்தது. விவசாயம் தொடக்கத்திலிருந்தே அதில் உண்டு. அதன் 15-ஆம் பிரிவு, வேலை செய்கிறவர்களின் நலனுக்குப் போதுமான வசதியை முதலாளி செய்து தர வேண்டும் என்கிறது. மீறினால் அபராதம் 500,000 வெள்ளி வரை போகும். குத்தகைக்காரர் கொண்டு வருகிற ஆட்களையும் முதலாளி கைகழுவிவிட முடியாது.

ஆனால் அந்தப் பிரிவில் ‘நடைமுறையில் இயன்ற வரையில்’ என்று ஒரு வாசகம் இருக்கிறது. நிர்வாகம் அதற்குள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. காட்டில் கழிவறை இயலாது என்கிறார்கள். லாரி போகிற சாலை காட்டுக்குள் இருக்கிறது. குலை ஏற்றுகிற டிராக்டர் போகிறது. டிராக்டர் இழுக்கிற வண்டியில் ஒரு கழிவறையை வைத்து, வேலை நடக்கிற பகுதிக்குக் கொண்டு போய் நிறுத்துவது மட்டும் எப்படி இயலாமல் போகும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலையிலும் தோட்டத்திலும் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்று பழைய தொழிலாளர் சட்டத்தில் ஒரு தடை இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது நீங்கிவிட்டது. இனி செம்பனை ஆலையில் இரவு முறைக்கும் பெண்களை அழைக்கலாம். அழைக்கிறவர்கள், விளக்குள்ள, ஆள் நடமாட்டத்துக்கு அருகிலுள்ள பெண்கள் கழிவறை எங்கே என்று முதலில் காட்டட்டும்.

நம் முடிவு என்ன?

நாம் இப்படிச் சொல்கிறோம். ஆலை, ஆபீஸ், பட்டறை, பெரட்டுக்களம் போன்ற நிலையான இடங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும். பெண்கள் பக்கம் தொட்டியும் தண்ணீரும் வேண்டும். வாசல் வேறு திசையில் இருக்க வேண்டும். இடம் மாறிக்கொண்டே இருக்கிற வெளிக்காட்டில், பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள கூட்டத்துக்கு ரெண்டு வைக்க முடியவில்லை என்றால், முழுச்சுவரும் உள்தாழ்ப்பாளும் உள்ள ஒற்றை அறையை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பெண்கள் அதிகமுள்ள உரக் கூட்டத்துக்கும் மருந்துக் கூட்டத்துக்கும் அது பெண்களுடையதாகவே இருக்கட்டும். ஆண்களுக்கு வேறு வைக்கட்டும்.

பொதுக் கழிவறை கேட்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஊனமுற்றவருக்குத் துணையாகப் போகிறவர், சிறு பெண்ணைக் கூட்டி வருகிற தகப்பன், எந்தப் பக்கம் போனாலும் விரட்டப்படுகிற திருநங்கை ஆகியோருக்குப் பூட்டுள்ள ஒற்றை அறைதான் பாதுகாப்பு. ஆகவே நிலையான இடங்களில் அந்த இரண்டோடு கூட அப்படி ஓர் அறையும் இருக்கட்டும். பெண்கள் அறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைப்பதை மட்டும் நாம் ஒப்ப மாட்டோம்.

கடைசியாக நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் சம்பளம், போனஸ் என்று பேசிவிட்டு, கழிவறைக் கோரிக்கை வருகிறபோது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் நாம் சிரித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போயிருக்கிறோம். கேட்க வேண்டியவர்கள் அந்த மேசையில் இல்லை.

அந்தத் தவறு இனி வேண்டாம். 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் காட்டு வேலைப் பெண் ஒருவர் உண்டா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால் ஒருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். எந்தப் பகுதியில் எத்தனை பெண்கள், கிட்டத்தில் உள்ள கழிவறை எத்தனை மரத் தூரம் என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அதே சட்டம் காவல் கொடுக்கிறது. பக்கத்து நிரையில் நிற்கிற இந்தோனேசியச் சகோதரியையும் கணக்கில் சேருங்கள். அவளுக்கும் அதே வெயில்தான்.

அம்மாமார்களே, அக்காமார்களே! இது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய பேச்சு இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் ஆபீசில் இருக்கிறார்கள். நாளைக்கு வேலைக்குப் போகும்போது தண்ணீர் போத்தலை நிறைத்துக்கொண்டு போங்கள். குடித்துவிட்டு எங்கே போவது என்று நிர்வாகத்திடம் நாமெல்லாம் சேர்ந்து கேட்போம்.