கடையின் திறவுகோல் யார் கையில்?



பிழைப்பின் நிமித்தம் தமிழகத்தை விட்டுக் கொச்சிக்கு வந்து, மட்டாஞ்சேரியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சிறு கடை வைத்திருக்கிற குடும்பங்களை மனதில் வைத்து இம்மாதப் பகுதியை எழுதுகிறேன். சிற்றுண்டிக்கடை, தையற்கடை, பூக்கடை, இஸ்திரிக்கடை, பயணிகளுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகள் என்று உங்கள் தொழில் எதுவாயிருந்தாலும், ஒருநாள் உங்கள் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வரும். அல்லது ஓர் இளைஞர் பளபளப்பான விசிட்டிங் கார்டுடன் கடைக்கே வந்து நிற்பார். "உங்கள் கடை கூகுளிலே தெரியவில்லை. மூன்றே மாதத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்" என்பார். தம்மை டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொள்வார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. 2012இல் கொச்சி பினாலே கலைவிழா தொடங்கியதிலிருந்து இங்கே வருகிற வெளியூர்க்காரர் அநேகர். 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய நீர்வழி மெட்ரோ படகு 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வந்துவிட்டது. படகை விட்டு இறங்குகிறவர் யாரிடமும் வழி கேட்பதில்லை. கைப்பேசியின் வரைபடத்தைப் பார்த்தே நடக்கிறார். அதில் இல்லாத கடை அவருக்கு இல்லாத கடையே. ஆகையால் இந்த வேலையே வீண் என்று நான் சொல்லவரவில்லை. அந்த வேலையை அளந்து பார்க்க உங்களிடம் என்ன படி இருக்கிறது என்பதே என் கேள்வி.

மட்டாஞ்சேரிக்குப் படியும் தராசும் புதியவையல்ல. இங்கே 1957இல் தொடங்கப்பட்ட மிளகு வர்த்தகச் சங்கத்தின் கூடத்தில் நெடுங்காலம் வியாபாரிகள் உரக்கக் கூவி விலை பேசிவந்தார்கள். ஆகிலும் வெறும் பேச்சை நம்பி எவரும் மிளகு வாங்கியதில்லை. ஒரு லிட்டர் அளவையில் மிளகை நிரப்பி, அது எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 550 கிராம் நிற்கும் கனத்த மிளகுக்கு ஒரு விலை, அதிலும் இலேசானதற்கு வேறு விலை. பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்ப்பதும் உண்டு. தரகரோ மறுநாளும் அதே தெருவில் வந்து நிற்கவேண்டியவர். இணைய ஆலோசகருக்கு அந்தத் தெருவும் இல்லை, அந்த லிட்டர் அளவையும் இல்லை. கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டால் ஆளே மறைந்துபோகிறார்.

கணக்குத் தணிக்கையாளருக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டமும், வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. தவறு செய்தால் பெயரை நீக்க ஓர் அமைப்பு உண்டு. இணைய விளம்பர ஆலோசகருக்கு நம் நாட்டிலே அப்படிப்பட்ட சட்டமோ பதிவேடோ கிடையாது. இன்று காலை பெயர்ப்பலகை எழுதி மாட்டுகிறவர் இன்று மாலையே ஆலோசகர். கூகுளின் சான்றிதழ் என்று ஒன்றைக் காட்டுவார். அது வீட்டிலிருந்தே கட்டணமின்றி எழுதக்கூடிய தேர்வின் சான்றிதழ், ஓராண்டுக்குத்தான் செல்லும். கூகுள் விளம்பரத்தை இயக்கும் முறையைப் படித்திருக்கிறார் என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை. இவர்களில் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்றும் எண்ணவேண்டாம். சில காணொளிகளைப் பார்த்தும், கடன் வாங்கிக் குறுகிய காலப் பயிற்சி பெற்றும் வந்த பிள்ளைகள் பலர். தங்களுக்குத் தெரியாது என்பதே அவர்களுக்குத் தெரியாது. உங்கள் பணத்தைப் பொறுத்தவரையில் இரண்டும் ஒன்றுதான்.

இனி அந்த முதலிடத்தைக் கவனியுங்கள். எவராலும் முதலிடத்துக்கு உத்தரவாதம் தர இயலாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. வரைபடத்தில் எந்தக் கடை மேலே வரவேண்டும் என்பதை அது மூன்றைக்கொண்டு தீர்மானிக்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. டச்சு அரண்மனை வாசலில் நின்று இட்லி தேடுகிறவருக்கு ஒரு பட்டியல், தோப்பும்படியில் நின்று தேடுகிறவருக்கு இன்னொரு பட்டியல். அப்படியிருக்க, எல்லாருக்கும் பொதுவான முதலிடம் எங்கே இருக்கிறது? இங்கேதான் ஒரு சின்ன வித்தை நடக்கும். ஆலோசகர் உங்கள் கடைக்குள்ளேயே நின்றுகொண்டு தம் கைப்பேசியில் தேடிக் காட்டுவார். உங்கள் கடை மேலே வரும். வராமல் என்ன செய்யும்? அதைவிட அருகில் வேறு கடை இல்லையே! அல்லது உங்கள் கடையின் முழுப்பெயரையே தட்டித் தேடுவார். அந்தப் பெயரில் இருப்பது நீங்கள் ஒருவர்தானே. அப்படிக் காட்டினால், "சேவை எங்கள் அம்மாயி வீட்டுப் பக்கம் இருந்து, கடைப் பெயரைச் சொல்லாமல் தேடிக் காட்டு தம்பி" என்று கேளுங்கள்.

பயமுறுத்துவதும் உண்டு. "பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று கூகுளில் வந்துவிடும்" என்பார்கள். இது நம் ஊரில் மட்டும் கேட்கிற குரலல்ல. அமெரிக்காவில் 2018இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் பாயின்ட் பிரேக் மீடியா என்ற புளோரிடா நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடர்ந்தது. கூகுளோடு தொடர்புடையவர்கள்போலப் பதிவுசெய்த குரலில் சிறுவியாபாரிகளை அழைத்து, இதே மிரட்டலைச் சொல்லி, 300 முதல் 700 டாலர்வரை வசூலித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உண்மை யாதெனில், வரைபடத்தில் கடையைப் பதிவுசெய்யக் கூகுள் ஒரு பைசாவும் கேட்பதில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று அதற்குப் பெயர். 2021வரை கூகுள் மை பிசினஸ் என்று வழங்கியது. கடையின் பெயர்ப்பலகை, உட்புறம், தெரு ஆகியவற்றைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபார்ப்பதே இப்போது பெரும்பாலும் நடைமுறை. கல்லூரியில் படிக்கும் உங்கள் மகளோ மகனோ ஓய்வான ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

விலைக்கு வாங்கும் பாராட்டுகளைப்பற்றி ஒரு வார்த்தை. "ஐம்பது பேரைக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறேன்" என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் கடையில் ஒரு தோசைகூடத் தின்னாதவர் எழுதும் சாட்சி பொய்ச்சாட்சியே. இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. பொய் மதிப்புரைகளைக் கண்டுபிடித்தால் கூகுள் அவற்றை நீக்குவதோடு, புதிய மதிப்புரைகள் வராதபடி சில காலம் அடைத்தும் வைக்கிறது. தண்டனை ஆலோசகருக்கல்ல, கடைக்குத்தான். இது பெரியவர்களுக்கும் நேர்ந்ததுண்டு: 2011இல் ஜே.சி. பென்னி என்ற பெரிய அமெரிக்க அங்காடி நிறுவனம், தனக்காகக் குறுக்குவழியில் உண்டாக்கப்பட்ட இணைப்புகளால் தேடலில் உச்சத்திலிருந்து ஒரே நாளில் கீழே தள்ளப்பட்டது. அந்த வேலையைத் தாங்கள் செய்யச் சொல்லவில்லை என்றார்கள். அதனால் தண்டனை குறையவில்லை.

ஆகிலும் கட்டணமாகப் போன பணம் பெரிய நஷ்டமல்ல. பெரிய நஷ்டம் வேறு. கடையின் பதிவை ஆலோசகர் தம்முடைய ஜிமெயில் முகவரியில் திறக்கிறார். இணையதளத்தின் பெயரைத் தம் பெயரில் வாங்குகிறார். விளம்பரக் கணக்கையும் தம் பெயரிலேயே வைத்துக்கொள்கிறார். நீங்கள் கொடுத்ததில் எவ்வளவு கூகுளுக்குப் போயிற்று, எவ்வளவு அவரிடம் தங்கிற்று என்று உங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து உறவு கசக்கிறது. அப்போதுதான், பத்து வருடம் உழைத்துச் சேர்த்த பெயரும், வாடிக்கையாளர் மனமுவந்து எழுதின பாராட்டுகளும், கடையின் தொலைபேசி எண்ணை மாற்றுகிற அதிகாரமும் இன்னொருவர் கையில் இருப்பது தெரியவருகிறது. ஓர் எண்ணை மாற்றுவதால் என்ன கெட்டுப்போகும் என்கிறீர்களா? 2018இல் மகாராஷ்டிரத்தில் கூகுள் வரைபடத்திலிருந்த வங்கி எண்களை மோசடிக்காரர் மாற்றிவைத்தார்கள்; வங்கி என்று நம்பி அழைத்தவர்கள் தங்கள் இரகசிய எண்களைச் சொல்லிப் பணத்தை இழந்தார்கள்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சபையில் அறிமுகமான தம்பி, ஊர்க்காரர் பிள்ளை, போதகருக்குத் தெரிந்தவர் என்றால் எழுத்தில் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் மனம் நோவாரோ என்று தயங்குகிறோம். தெரிந்தவரிடம்தான் முதலில் எழுதி வாங்கவேண்டும். பிற்பாடு அவரோடு சமாதானமாய் இருக்க அதுவே வழி. பதிவுக்கு முதன்மை உரிமையாளர் நீங்கள், அவர் நிர்வாகி மட்டும் என்று இருக்கட்டும். இணையதளப் பெயர் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். விளம்பரப் பணம் உங்கள் கணக்கிலிருந்து நேரே கூகுளுக்குப் போகட்டும். அவருக்குரிய கூலி தனியே. கைப்பேசிக்கு வருகிற சரிபார்ப்பு எண்ணை யாருக்கும் வாசித்துக் காட்டாதிருங்கள்.

ஏற்கெனவே பதிவு பிறர் கையில் சிக்கியிருந்தால், அந்தப் பக்கத்திலேயே உரிமை கோரும் வசதி உண்டு. இப்போது வைத்திருப்பவர் மூன்று நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், கடை உங்களுடையது என்று நிரூபித்து நீங்களே எடுத்துக்கொள்ள வழி திறக்கக்கூடும். பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவர்மேல் முறையிட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. "நாம் வியாபாரி, நுகர்வோர் அல்லவே" என்று விட்டுவிடாதிருங்கள்; சுயதொழிலால் பிழைப்பு நடத்துகிறவர் அதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு அவரும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளக்குகிறது; வாங்கிய சேவைக்கும் அது பொருந்துமா என்று அந்த உதவி எண்ணிலேயே கேட்டுப்பாருங்கள். கூகுள் அதிகாரி என்று பொய் சொல்லிப் பணம் பறித்திருந்தால் 1930ஐ அழையுங்கள். அழைப்பு எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு; கடையை அடைத்தபிறகு பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.