கதைக்கு நீதி வேண்டுமா?

"இந்தக் கதையினால் நீ அறிந்துகொண்ட நீதி யாது?" என்று வினவுவது பெரியவர்களின் வழக்கம். சிறுவர்களுக்காக எழுதப்படும் ஒவ்வொரு கதையும் இறுதியில் ஒரு நீதியைச் சொல்லியே தீரவேண்டும் என்பது பலருடைய எண்ணம். நீதி நூல்களின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் சிறுவர் இலக்கியத்தின் முதற்கடமை அறிவுரை கூறுவது அன்று. "என்னைப் போலவே ஒருத்தி இங்கே இருக்கிறாள்" என்ற ஆறுதலைத் தருவதே அதன் முதற்கடமை என்பது என் தாழ்மையான கருத்து. இதற்குச் சான்றாக அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரியின் வாழ்க்கையை எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

பெவர்லி 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தார். யாம்ஹில் என்ற சிற்றூரில் ஒரு பண்ணையில் வளர்ந்தார். அவ்வூரில் நூலகம் கிடையாது. ஆகவே அவருடைய அன்னை மாநில நூலகத்திலிருந்து புத்தகங்களை வரவழைத்து, ஒரு வங்கியின் மாடியில் ஊராருக்காகச் சிறு நூலகம் ஒன்றை நடத்தினார். இத்தகைய தாயின் மகள் பள்ளியில் முதல் வரிசையில் நின்றிருப்பாள் என்றுதானே நாம் எண்ணுவோம்? நடந்ததோ வேறு. ஆறு வயதில் போர்ட்லண்ட் நகருக்குக் குடிபெயர்ந்து முதல் வகுப்பில் சேர்ந்த பெவர்லிக்கு வாசிப்பு வரவில்லை. அந்த வகுப்பில் பிள்ளைகளை வாசிக்கும் திறமைப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பறவையின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள் நீலப் பறவைகள்; தடுமாறுகிறவர்கள் கரும்பறவைகள். பெவர்லி ஒரு கரும்பறவை. பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், தான் கடைசிப் பிரிவில் இருக்கிறோம் என்பது ஒரு குழந்தைக்குத் தெரியாமலா போகும்?

அந்த நிலையை மாற்றியது அறிவுரையன்று, தண்டனையும் அன்று. மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் பார்ப்பதற்காக ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தார். லூசி ஃபிட்ச் பெர்கின்ஸ் எழுதிய 'டச்சு இரட்டையர்' என்பது அதன் பெயர். படம் பார்க்க அமர்ந்தவர் தம்மை அறியாமலே கதையை வாசிக்கத் தொடங்கிவிட்டார். சுவை பிறந்தது, வாசிப்பும் பின்னாலேயே வந்தது.

சில ஆண்டுகளில், ஒரு கடைக்காரர் நடத்திய கட்டுரைப் போட்டியில் பெவர்லிக்கு இரண்டு டாலர் பரிசு கிடைத்தது. போட்டியில் கலந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்பது பின்னரே தெரிந்தது! எழுதப் போகிறேன் என்று பேசுவோர் பலர், முயன்று எழுதுவோர் சிலர் என்பதை அவர் அன்றே உணர்ந்துகொண்டார்.

1938-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின் நூலகப் பயிற்சி முடித்து, வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் குழந்தைகள் பிரிவு நூலகராகப் பணியேற்றார். அங்கே ஒரு கத்தோலிக்கப் பள்ளியிலிருந்து, வாசிப்பில் நாட்டமில்லாத சிறுவர்கள் சிலர் வருவார்கள். தங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிய புத்தகங்கள் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். நூலகர் அலமாரிகளைத் தேடினார். அத்தகைய புத்தகங்கள் அரிதாகவே இருந்தன. கேள்வி கேட்ட அந்தச் சிறுவர்களை வாயாடிகள் என்று அவர் ஒதுக்கவில்லை. அவர்கள் கேட்டது நியாயம் என்று உணர்ந்தார். 1950-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலாகிய 'ஹென்றி ஹக்கின்ஸ்' அந்தக் கேள்விக்கு அவர் அளித்த விடையே. தெருவில் கண்ட ஒரு நாயைப் பேருந்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரப் பாடுபடும் சாதாரணச் சிறுவன்தான் அதன் கதாநாயகன்.

அவர் படைத்த பாத்திரங்களுள் என் உள்ளங்கவர்ந்தவள் ரமோனா குவிம்பி. பள்ளியின் முதல் நாளில் ஆசிரியை அவளை ஓரிடத்தில் "இப்போதைக்கு" உட்காரச் சொல்கிறார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்குப் பரிசு என்றும் பொருள் உண்டு. பரிசு வருமென்று நம்பி அந்த இடத்தை விட்டு நகராமல் காத்திருக்கிறாள் பேதைச் சிறுமி! மற்றொரு நூலில், தன்னைத் தொல்லை என்று ஆசிரியை சொல்வதைக் கேட்டுவிட்டு மனம் நோகிறாள். 1977-இல் வந்த 'ரமோனாவும் அவள் தந்தையும்' என்ற நூலில் தந்தை வேலையை இழக்கிறார். வீட்டின் கலகலப்பு குறைகிறது. பணக் கவலை குழந்தையின் நெஞ்சிலும் ஏறுகிறது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டு, ஒன்றும் அறியாதவர்கள் போல் இருந்திருக்கிறோம்! 

பெற்றோர் பிரிந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதும்படி இரண்டு சிறுவர்கள் தனித்தனியே கேட்டுக்கொண்டதன் பேரில், 1983-இல் 'அன்புள்ள திரு. ஹென்ஷா' என்ற நூலை எழுதினார். இறுதியில் அந்தப் பெற்றோர் ஒன்றுசேர்வதில்லை. பொய்யான இன்பமுடிவைக் காட்டிப் பிள்ளைகளை ஏமாற்ற அவர் விரும்பவில்லை. அந்நூலுக்கு 1984-இல் நியூபெரி பதக்கம் கிடைத்தது.

"இவற்றில் நீதி எங்கே?" என்று கேட்கலாம். கெட்ட பிள்ளை திருந்தி நல்ல பிள்ளையாகும் கதைகள் சிறு வயதில் பெவர்லிக்குப் பிடித்ததே இல்லை. ஆகையால் ரமோனாவையும் அவர் திருத்தவில்லை; புரிந்துகொண்டார். ரமோனாவைப் படிக்கும் சிறுமி, வகுப்பில் தடுமாறும் பக்கத்து இருக்கைத் தோழியைப் பார்த்துச் சிரிப்பாளா? சிரிக்கமாட்டாள். பிறர் நெஞ்சின் நோவைத் தன் நோவாக உணரக் கற்பதைக் காட்டிலும் உயர்ந்த நீதி உண்டோ?

2021-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், தமது 104-ஆம் வயதில் பெவர்லி கிளியரி காலமானார். அவருடைய நூல்கள் ஒன்பது கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. அத்தனையும் ஒரு கரும்பறவை எழுதியவை!

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, அன்பான பெற்றோரே! தம்பி தங்கையர் கதைப் புத்தகத்தை மூடியவுடன் "நீதி என்ன?" என்று கேட்பதைச் சற்றே தள்ளிவையுங்கள். "உனக்கு யாரைப் பிடித்தது?" என்று முதலில் கேளுங்கள். தோழியரே! வாசிக்கத் திணறுகிறவள் எவளையும் மந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். அவளுக்குரிய புத்தகம் இன்னும் அவள் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. அதைத் தேடி அவள் கையில் சேர்ப்பது நம் கடமையன்றோ!

— பத்தாம் வகுப்பு மாணவி