திட்டிப் பகிர்ந்தாலும் அது பரப்புரைதான்

சாதிப் பெருமை பேசும் ரீல்ஸ் கண்ணில் பட்டால், நம் தோழர்கள் பலர் உடனே அதைத் திட்டிப் பகிர்கிறார்கள். கோபம் நியாயமானது. அந்தப் பகிர்வால் யாருக்கு லாபம் என்பதுதான் என் கேள்வி.

இன்ஸ்டாகிராமுக்கும் யூடியூபுக்கும் நம் கோபமும் அவர்களின் கைத்தட்டலும் ஒன்றுதான். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற கணக்கு ஏற ஏற, காணொலி மேலும் பலரிடம் போகிறது. அரிவாளோடு ஆடுபவனுக்கு நாமே கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இந்த ஆபத்தைக் கோகுல்ராஜ் வழக்கிலேயே பார்த்தோம். 2015 ஜூனில் அந்த 21 வயதுப் பொறியியல் பட்டதாரி திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ வெளியிட்டார். அவை கைமாறிக் கைமாறி அவரைச் சிலருக்கு நாயகனாக்கின. ஆனால் 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது கைகொடுத்தது, கோயில் கேமராவில் பதிவான காட்சி. பத்திரமாக எடுத்து வைக்கப்பட்ட பதிவு நீதிமன்றத்தில் பேசியது.

இதற்காகச் சமூக ஊடகத்தை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதம் 2016 ஜனவரியில் ஒரு வளாகத்தோடு முடங்காமல் நாடெங்கும் மாணவர்களைத் தெருவுக்கு அழைத்து வந்ததில் இந்த ஊடகத்துக்குப் பெரும் பங்குண்டு. பெரிய பத்திரிகைகள் இடம் தராத நம் குரலுக்கு இது தேவை.

ஆகவே பதிவு எதற்கு என்று பார்த்துச் செயல்படுவோம். சாதி சொல்லி இழிவுபடுத்தும் பதிவைக் கண்டால் பகிராதீர்கள். இணைப்பு, கணக்கின் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், காணொலியைச் சேமியுங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடியினரை இணையத்தில் இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்று 2022-ல் கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகார் கொடுங்கள். வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566.

தாக்கப்பட்டவரின் முகம், ஊர், பெயர் தெரியும் காணொலியை அவர் சம்மதமின்றிப் போடாதீர்கள். நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அவர் அதே ஊரில், அதே தெருவில்தான் நாளையும் நடக்க வேண்டும்.