குற்றவாளி குடியிருப்பவர்தானா?

மதுரை மில் ஒன்றில் முப்பத்துமூன்று வருஷம் ஸ்பின்னிங் பிரிவில் நின்று ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சங்கத்தில் பழைய ஆள். கதவடைப்பையும் பார்த்தவர், லாக்கப்பையும் பார்த்தவர். அவருடைய கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாம் பேசாமல் இருந்தோம்.

அவர் இருப்பது மில் தொழிலாளருக்கென்று ஒரு காலத்தில் கட்டிய குடியிருப்பு. நாற்பது வீடு உள்ள தெரு. இன்று அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும், ஒன்றிரண்டு பேர் துபாயிலும். பெரியவர்கள் காலமான வீடுகள் வாடகைக்குப் போய்விட்டன. பாகப்பிரிவினை தீராத நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒன்றுக்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஏழரை மணிக்கு, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிய பக்கத்து வீட்டு அம்மாளின் சங்கிலியை இரண்டு பேர் அறுத்துக்கொண்டு, அந்தக் கதவில்லாத வீட்டின் கொல்லை வழியாக ஓடிவிட்டார்கள். சங்கிலி கவரிங்தான். ஆனால் கீழே விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தெருவிளக்கு எரியாமல் அன்றைக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் தெருக்கூட்டம். அதில் ஒரு தீர்மானம். இனிமேல் கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு கிடையாது. வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குக் கிடையாது. "இன்னார் என்று தெரியாதவர்களுக்கு"க் கிடையாது. கடைசி வார்த்தையின் பொருள் நமக்கெல்லாம் தெரியும். ஜாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். இந்தத் தீர்மானத்தை நம் பத்திரிகை ஆதரித்து எழுத வேண்டும் என்கிறார் தோழர்.

எழுத மாட்டோம். ஏன் என்பதைச் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அவருடைய பயம் வீண் பயம் அல்ல. 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்திலுள்ள சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டிலிருந்த வயதான தம்பதியும் மகனும் கொலை செய்யப்பட்டார்கள். 2025 மே மாதம் முதல் தேதி, ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்தில் தனியாக வசித்த முதிய தம்பதி வீட்டில் பிணமாகக் கிடந்தது தெரியவந்தது. இவற்றைப் படித்த பிறகு, ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்காருகிற பெரியவரைப் பார்த்து யார் சிரிக்க முடியும்? உழைத்து ஓய்ந்தவர்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அது அவர்கள் சம்பாதித்த உரிமை.

ஆனால் அந்த இரண்டு இடத்திலும் சந்தேகப்பட வாடகைக்குடி ஏதாவது இருந்ததா? சுற்றிலும் தோட்டம், அழைத்தால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. திருடன் தேடுவது அதைத்தான்: தனிமை, இருட்டு, தள்ளினால் திறக்கிற கதவு. இந்த மூன்றும் ஒரு தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்டால்தான் நியாயம் பிடிபடும்.

நம் மதுரையையே எடுத்துக்கொள்வோம். 1892-ல் மதுரா மில் வந்தது. அந்த ஹார்வி துரைமார் பெயரிலேயே திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் ஹார்விபட்டி எழுந்தது. சங்கு ஊதினால் ஆள் வந்து நிற்க வேண்டும். அதற்கு ஆள் ஒரே இடத்தில் குடியிருக்க வேண்டும். முதலாளி வீடு கட்டியதில் இந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் வீடு வீடுதான். தொழிலாளி அதில் பிள்ளை பெற்றான், படிக்க வைத்தான், வேப்பமரம் நட்டான். பிற்பாடு மில்கள் பல நொடித்தன, மூடின, கைமாறின. சங்கு நின்றதோடு குடியிருப்பைப் பற்றிய கவலையும் நின்றது. 2011-ல் ஹார்விபட்டி, திருநகர் போன்ற பேரூராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டு ஆயிற்று. வரி ரசீதில் மாநகராட்சி முத்திரை ஏறியது. அந்த வேகத்தில் சாக்கடையும் விளக்கும் பின்னால் வந்ததா என்பதை அந்தந்தத் தெருக்காரர்களே சொல்லட்டும்.

ஓய்வு பெற்றவர் கையில் என்ன இருக்கிறது? 1995-ம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 1000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். ஆயிரம் ரூபாயில் மருந்து வாங்குவதா, உளுத்த ரீப்பரை மாற்றுவதா? ஆகவே அவர் வீட்டின் முன்பக்கத்தைத் தடுத்து வாடகைக்கு விடுகிறார். வாடகை அடுப்புக்குப் போகிறது. ஓடு உடைந்தது உடைந்தபடி கிடக்கிறது. இவரை நாம் முதலாளி என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இன்னொரு வகை வீட்டுக்காரர் உண்டு. இறந்தவர்களின் வாரிசுகளிடம் அடிமாட்டு விலைக்கு வீடுகளை வாங்கி, ஒரு வீட்டை நாலாகத் தடுத்து, நாலுக்கும் ஒரே கக்கூஸ் வைத்து, பத்து மாத அட்வான்ஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் மோட்டார் சைக்கிளில் தரிசனம் கொடுக்கிறாரே, அவர். தெருக்கூட்டத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சொந்தக்காரர், இன்னார் என்று தெரிந்தவர்!

கவனிப்பாரற்ற கட்டடம் திருடனுக்கு வழி விடுவதோடு நிற்பதில்லை, அதுவே ஆளைக் கொல்கிறது. 2024 செப்டம்பர் 12 விடிகாலையில் மதுரை பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கட்ராபாளையத்திலிருந்த பெண்கள் தங்கும் விடுதியில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் மாண்டார்கள். வீட்டை விட்டு வேலைக்கு வந்து, வாடகை கொடுத்துத் தங்கியிருந்த பெண்கள். அந்தப் பழைய கட்டடம் இடிக்க வேண்டிய நிலையிலிருக்கிறது என்று மாநகராட்சி 2023-லேயே நோட்டீஸ் கொடுத்திருந்தது. நோட்டீஸுக்கும் நெருப்புக்கும் நடுவே வாடகை மட்டும் தவறாமல் வசூலாயிற்று. அடுத்த வருஷம் மே மாதத்தில், மழைக்குப் பிறகு மதுரைக்குத் தெற்கே வலையங்குளத்தில் வீட்டுச் சுவர் இடிந்து மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவர் வயதான பெண், ஒருவன் சிறுவன். சங்கிலி பறிபோனால் கேமரா வைக்க வேண்டும் என்கிறார்கள். சுவர் விழுந்தால் மழைமேல் பழி போடுகிறார்கள்.

போலீஸார் வழியும் இதே வழிதான். 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில், வாடகை வீட்டிலிருந்த ஐந்து பேர் வங்கிக் கொள்ளையர் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடனே, குடியிருப்பவர்களின் விவரத்தை வீட்டுக்காரர்கள் போலீஸுக்குக் கொடுக்க வேண்டும் என்று அங்கே உத்தரவு வந்தது. பெயர், படம், சொந்த ஊர் எல்லாம் கேட்டு ஒரு படிவம். நல்லது. அந்த வீட்டில் கதவு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சுவர் நிற்குமா என்று வீட்டுக்காரரைக் கேட்கிற படிவம் ஒன்றை எந்தக் கமிஷனராவது அச்சடித்தாரா?

சட்டம் இல்லாமலில்லை. வாடகைச் சட்டம் 2017-ல் புதிதாக இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் அமலில் இருக்கிறது. 1960-ம் வருஷத்துப் பழைய சட்டத்தில் நியாய வாடகை என்ற பேச்சாவது இருந்தது. புதுச் சட்டம் அதைக் கைகழுவிவிட்டு, ஒப்பந்தத்தில் எழுதியதே வாடகை என்று சொல்லிவிட்டது. இல்லாதவனும் இருப்பவனும் சரிசமமாக உட்கார்ந்து பேரம் பேசுவதாக நினைப்பு! இதை நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் கையிலிருக்கிற கத்தி மழுங்கலானாலும் அதை வைத்துக் காய் நறுக்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். மூன்று மாத வாடகை அளவே முன்பணம் என்பது பொது விதி. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய், மின்சார வயரிங் இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. சாக்கடை அடைப்பு, குழாய்த் திருகு, சுவிட்சு, பூட்டு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் பழுது பார்க்க மறுத்தால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள இடமுண்டு. கோபத்தில் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. முறையீட்டைக் கேட்க டெபுடி கலெக்டர் அந்தஸ்தில் வாடகை அதிகாரி இருக்கிறார். நம்மில் எத்தனை பேர் அந்த அலுவலகப் படியை மிதித்திருக்கிறோம்?

முதியவர்களுக்கும் சட்டம் உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2009-ல் வந்தன. தனியாக வாழ்கிற முதியவர்களின் பட்டியல் ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் இருக்க வேண்டும், மாதம் ஒரு தடவையாவது ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதிலுள்ள ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அந்த அம்மாளின் பெயர் பட்டியலில் இருந்ததா? தெருக்கூட்டம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்லவா?

கிராமத்துத் தோழர்கள் இது பட்டணத்து விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மேலூரிலும் வாடிப்பட்டியிலும் சோழவந்தானிலும் உள்ள காலனிகளில் இதே கதைதான். வாலிபர்கள் திருப்பூருக்குப் போய்விட, கிழவனும் கிழவியும் காரை பெயர்ந்த தொகுப்பு வீட்டில், கம்பி தெரிகிற கூரைக்குக் கீழே கட்டிலை நகர்த்தி நகர்த்திப் போட்டுப் படுக்கிறார்கள். குடியிருந்த மனை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தம் என்ற 1971-ம் வருஷத்துச் சட்டம் தானாக வந்து விழவில்லை. செங்கொடியின் கீழ் ஜனங்கள் போராடியதும் அதற்குக் காரணம். சர்க்கார் கட்டிக்கொடுத்த பழைய கிராமத்து வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். அதே நியாயம் பழைய மில் குடியிருப்புக்கு ஏன் இல்லை? ஆயிரம் ரூபாய்ப் பென்ஷன்காரருக்கு ஓடு மாற்ற வட்டியில்லாக் கடன் ஏன் கிடையாது? இதை நாம் கோரிக்கையாக வைக்கிறோம்.

நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் மாநகராட்சி 1923-லிருந்து 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளருக்குக் கட்டி வாடகைக்கு விட்டது. பணக்காரரின் ஆடம்பரத்தின் மீதும், அவர்கள் வைத்திருந்த வேலைக்காரர்களின் எண்ணிக்கை மீதும் வரி போட்டுக் கட்டியது. (கட்டியவர்கள் நம்மவர்கள் அல்ல, சமூக ஜனநாயகவாதிகள், இருந்தாலும் நல்ல காரியத்தை நல்லது என்று சொல்ல நமக்கென்ன தயக்கம்?) அதில் ஒரு கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பெயர் கார்ல் மார்க்ஸ் ஹோப். 1934 பிப்ரவரியில் அதன் மீது பீரங்கி வைத்துச் சுட்டார்கள். அடி வாங்கிய கட்டடத்தைச் செப்பனிட்டு இன்றும் ஜனங்கள் அதில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். போனஸுக்கு நின்றோம், பஞ்சப்படிக்கு நின்றோம். வேலையை விட்டு வெளியே வந்த தொழிலாளி சந்தா கட்டுவதை நிறுத்தியதும் அவர் தெருவை மறந்துவிட்டோம். அந்தத் தெருவில் வாடகைக்கு இருக்கிற கட்டட வேலைக்காரப் பையன் எந்தச் சங்கத்திலும் இல்லை. அவனைத் தேடியும் நாம் போகவில்லை. நாம் போகாத இடத்தில்தான் "வெளியாளைத் துரத்து" என்ற தீர்மானம் முளைத்தது. துரத்தினால் அவன் எங்கே போவான்? அடுத்த தெருவின் இடிந்த வீட்டுக்கு. வீட்டுப் பிரச்னையை இவர்கள் தீர்ப்பதே இல்லை, இடம் மாற்றுகிறார்கள் என்று 1872-லேயே எங்கெல்ஸ் காட்டியது இதைத்தான்.

கடிதம் எழுதிய தோழருக்கு: உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ. அம்மாள் விழுந்து கிடந்தபோது ஓடிவந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றியது, எதிர் வீட்டில் ஆறு பேராக வாடகைக்கு இருக்கிற பீகார்க்காரப் பையன்கள். உங்கள் தீர்மானப்படி காலி செய்ய வேண்டியவர்களும் அவர்களே. மறுபடியும் கூட்டத்தைக் கூட்டுங்கள். இந்தத் தடவை அவர்களையும், மற்ற வாடகைக்காரர்களையும், மாதர் சங்கத்துப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆறு பேர் இருக்கிற வீட்டில் ராத்திரி யாராவது விழித்திருப்பார்கள். தனியாக இருக்கிற நாலு பெரியவர்கள் வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு அழைப்பு மணி போடுவது முந்நூறு ரூபாய் வேலை.

மனு மூன்று போட வேண்டும். ஒன்று மாநகராட்சிக்கு: விளக்குக் கம்பத்தின் எண்ணையும், கதவில்லாத வீட்டின் கதவிலக்கத்தையும் தவறாமல் எழுதுங்கள், அந்த வீட்டை அடைக்கவோ இடிக்கவோ வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது போலீஸ் நிலையத்துக்கு: தனியாக இருக்கும் முதியவர்களின் பெயரை நீங்களே எழுதிக் கொடுத்து, பட்டியலில் ஏற்றியதற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். மூன்றாவது வாடகை அதிகாரிக்கு, நாலாகத் தடுத்த வீடுகளைப் பற்றி. அதில் குடியிருப்பவர்களே கையெழுத்துப் போட வேண்டும். பயந்தால் சங்கத்து ஆள் கூடப் போகட்டும். மூன்றுக்கும் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி, ஒரு பிரதியை நமக்கு அனுப்புங்கள்.