அளவோடு திறந்த கிணறு



மும்பையில் வாழும் சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய கணவர் அரபிக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்றில் வேலை செய்கிறவர். 14 நாட்கள் கடலில், 14 நாட்கள் வீட்டில் என்பது அவருடைய முறை. மதுவும் புகையும் அறியாதவர். தசமபாகத்தில் குறை வைக்காதவர். ஆயினும் வீட்டிலிருக்கும் நாட்களில் அவருடைய கருத்தெல்லாம் இரண்டு காரியங்களின் மேலேயே இருக்கிறது. ஒன்று, தொலைக்காட்சியில் காட்டப்படும் கோல்ஃப். மற்றொன்று, தம் மேடையிலுள்ள கிணறுகளின் உற்பத்திக் கணக்கு. அமெரிக்கப் போட்டிகளின் கடைசிச் சுற்று அங்கே ஞாயிறு மாலையில் முடியும்போது, நமக்குத் திங்கள் விடியற்காலமாகிவிடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகையில் தகப்பன் உறங்குகிறார். காலைக் குடும்ப ஜெபத்தில் அவர் இல்லை. "இது பாவந்தானா? தொலைக்காட்சிப் பெட்டியையே வீட்டைவிட்டு அகற்றிவிடட்டுமா?" என்று சகோதரி கேட்கிறார்.

நம்முடைய சபைகளில் இதற்கு ஆயத்தமாக இரண்டு பதில்கள் உண்டு. அந்தப் பெட்டியே பிசாசின் கருவி என்பார் சிலர். ஆபாசமில்லாத விளையாட்டில் என்ன குற்றம் என்பார் வேறு சிலர். இரண்டு பதில்களும் அந்தச் சகோதரருடைய உள்ளத்தை எட்டிப் பார்க்கவில்லை. அவர் விரும்பும் அவ்விரு காரியங்களையும் சற்று அருகில் சென்று பார்ப்போம். அவருக்கு வேண்டிய ஆலோசனை அவற்றிலேயே இருக்கிறது.

பரந்த புல்வெளியில் சிறு பந்தைக் கோலால் அடித்துக் குழிகளில் விழச்செய்வது கோல்ஃப். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெறுகிறார். கிரிக்கெட்டைப்போல ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் நடுவர் நிற்பதில்லை. விதி மீறப்பட்டால் ஆட்டக்காரர் தாமே அதை அறிவிக்கவேண்டும் என்பது அவ்விளையாட்டின் மரபு. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள ஹில்டன் ஹெட் தீவில் ஒரு போட்டி நடந்தது. இங்கிலாந்தின் பிரையன் டேவிஸும் அமெரிக்காவின் ஜிம் ஃபியூரிக்கும் சமநிலையில் முடித்து, பட்டத்திற்காக மீண்டும் ஆடினர். டேவிஸின் பந்து கரையோரத்தில் விழுந்து கிடந்தது. அடிப்பதற்காக அவர் கோலைப் பின்னே கொண்டுபோனபோது, தரையில் கிடந்த நாணல் தண்டு ஒன்றில் அது இலேசாக உரசியது. டேவிஸ் தாமே அதிகாரியை அழைத்து அதைச் சொன்னார். மெதுவாக ஓட்டிப் பார்த்த படக்காட்சி அவர் சொன்னதை உறுதிசெய்தது. இரண்டு அடி தண்டனை விதிக்கப்பட்டது. பட்டம் ஃபியூரிக்கிற்குச் சென்றது. அமெரிக்கச் சுற்றுப்போட்டிகளில் அதுவரை ஒரு பட்டமும் பெறாதவர் டேவிஸ். முதற்பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடையே ஏறக்குறைய 4 இலட்சம் டாலர் வித்தியாசம் இருந்தது. நஷ்டம் நேர்ந்தாலும் உண்மையில் நிற்கிறவனைப் பற்றி 15-ஆம் சங்கீதம் பேசுகிறதே, அந்தக் குணத்தின் ஒரு சாயலை இங்கே காண்கிறோம். ஓட்டக்காரனையும் மல்யுத்த வீரனையும் காட்டிச் சபைக்குப் போதித்தவர் அப்போஸ்தலனாகிய பவுல். ஆகையால் விளையாட்டைப் பார்ப்பதே பாவம் என்று நாம் சொல்லத் துணியோம்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். மும்பைக்கு மேற்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கடியில் இருக்கிறது மும்பை ஹை எண்ணெய் வயல். 1974-இல் 'சாகர் சாம்ராட்' என்னும் துளையிடும் மேடை அங்கே எண்ணெயைக் கண்டது. 1976-இல் உற்பத்தி தொடங்கிற்று. எண்ணெய்க் கிணற்றின் தலைப்பில் வால்வுகள் கிளைகளைப்போல் அடுக்கப்பட்டிருக்கும். அந்த அமைப்புக்கு எண்ணெய்த் தொழிலில் வழங்கும் பெயர் 'கிறிஸ்துமஸ் மரம்'! அதில் 'சோக்' என்னும் சிறு துவாரமுள்ள பாகம் உண்டு. அங்குலத்தை 64 பங்காக்கி அத்துவாரத்தை அளக்கிறார்கள். கிணற்றின் பாய்ச்சலைக் கட்டுப்படுத்துவது அதுவே. பேராசையினால் அதை மிகுதியாகத் திறந்தால் இன்றைக்கு எண்ணெய் அதிகம் வரும். ஆனால் அடியிலுள்ள நீர் மேலேறிக் கிணற்றுக்குள் புகக்கூடும்; மணலும் பெயர்ந்து வரக்கூடும். அதன்பின் நீர் பெருகி எண்ணெய் குறையும்.

சகோதரரே, இதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்றை அளவோடு திறக்க அறிந்த நீங்கள், உங்கள் விருப்பத்தை மட்டும் இரவு முழுவதும் திறந்து வைப்பது ஏன்? வீட்டில் உங்களுக்கு இருப்பது 14 நாட்கள். அவற்றில் ஓர் இரவை ஆட்டத்திற்குக் கொடுத்தால் மறுநாள் பகலும் அதனோடு போய்விடுகிறது. எல்லாவற்றையும் அநுபவிக்கச் சுயாதீனம் இருந்தாலும் ஒன்றிற்கும் அடிமையாகமாட்டேன் என்ற பவுலின் தீர்மானம் உங்களுக்கும் வேண்டும். மனைவி குற்றம் சாட்டும்வரை காத்திராதிருங்கள். டேவிஸைப்போல நீங்களே முன்வந்து, "இங்கே நான் தவறினேன்" என்று சொல்லுங்கள். ஆட்டத்தின் முடிவைக் காலையில் அறிந்துகொண்டாலும் அது மாறப்போவதில்லை. பிள்ளையோடு ஜெபிக்கவேண்டிய காலைவேளையோ திரும்பி வராது.

சகோதரி, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நிலத்தடி அழுத்தம் குறைந்த கிணற்றை உடனே மூடிவிடுவதில்லை. வேறு கிணறுகள் வழியாக நீரைச் செலுத்தி அழுத்தத்தைத் தாங்குகிறார்கள். கிணற்றுக்குள் வாயுவைச் செலுத்தி எண்ணெய் மேலே வர உதவுகிறார்கள். ஓய்ந்துபோகிறதற்கு வெளியிலிருந்து ஒன்றைக் கொடுத்தே பலன் பெறுகிறார்கள். பெட்டியை அகற்றினால் சத்தம் நிற்கும். ஆனால் கணவர் உங்களோடு பேசத் தொடங்குவார் என்பதற்கு நிச்சயம் இல்லை. ஒரு மாலையில் பிள்ளைகளை அவரருகே உட்காரவைத்து, "அப்பா, கடலுக்குள்ளிருந்து எண்ணெய் எப்படி வருகிறது?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் உற்பத்திக் கணக்கைச் சொல்லும்போது நீங்களும் கேளுங்கள். இதுவரை அவருக்கு மட்டுமே உரியதாயிருந்த விருப்பத்தில் அப்பொழுது குடும்பத்திற்கும் பங்கு கிடைக்கும். அதே இடத்தில் வேதத்தைத் திறந்து ஜெபிப்பது எளிதாகும்.

கோல்ஃபை அறியாத நம்மில் அநேகருக்கும் ஒரு கிணறு உண்டு. கிரிக்கெட், தொடர் நாடகம், பங்குச் சந்தை, கைப்பேசி என்று அதன் பெயர் மாறலாம். அதைத் திறக்கும் அளவு நம்முடைய கையில் இருக்கிறதா, அல்லது நாம் அதன் கையில் இருக்கிறோமா என்று கர்த்தருடைய சமுகத்தில் நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்போம். இச்சையடக்கமும் ஆவியின் கனிகளில் ஒன்றல்லவா?

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.