சின்சில்லா வளர்க்க ஆசையா... காரைக்குடி வெயிலைத் தாங்குமா?

'எனக்கு ஒரு சின்சில்லா வேணும்' என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், 'எந்த சின்சில்லா?' என்று முதலில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் பலருக்கும் தெரிந்தது ஒரு முயல். 'சோவியத் சின்சில்லா' என்ற அந்த இனத்தை கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கிறார்கள். சாம்பல் நிற ரோமத்தால் வந்த பெயர் அது. ரீல்ஸில் மணலில் உருண்டு புரளுமே, அது வேறு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்த, எலி, அணில் வகையறா. வட்டக் காது, புசுபுசு வால், சுமார் அரை கிலோ எடை. 10 முதல் 20 ஆண்டுகள் வாழும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போன பிறகும், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் கையில் இருக்கலாம்.

வெயில்தான் முதல் எதிரி

ஒரே மயிர்க்காலில் 50-க்கும் மேற்பட்ட ரோமங்கள் முளைக்கும். குளிர்ந்த மலையில் அது போர்வை. நம் ஊரில் அதுவே ஆபத்து. 25 டிகிரியைத் தாண்டினாலே திணறும். 30-ஐ நெருங்கினால் உயிர் போகலாம். காரைக்குடியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். கனத்த சுவரும் ஆத்தங்குடித் தரையும் நமக்குக் குளுமை; அதற்குப் போதாது. வியர்க்காத உடம்பு என்பதால் ஃபேனும் பெரிதாக உதவாது. ஏ.சி. வேண்டும். கரன்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள்.

சேட்டை அல்ல, அறிகுறி

* காது சிவந்து, படுத்தபடியே வேகமாக மூச்சு வாங்கினால், வெப்பத் தாக்கம். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

* எச்சில் ஒழுகினால் பல்லைச் சந்தேகியுங்கள். பல் ஆயுள் முழுக்க வளரும். தேய்வதற்கு உலர்ந்த புல்தான் முக்கிய உணவாக இருக்க வேண்டும். முந்திரி, திராட்சை, முறுக்கு கூடவே கூடாது.

* தன் ரோமத்தைத் தானே கடித்தால் பயம், சலிப்பு, இடநெருக்கடி காரணமாக இருக்கலாம்.

* பிடித்து இழுத்தால் ரோமம் கொத்தாகக் கையோடு வரும். எதிரியிடம் இருந்து தப்பிக்க இயற்கை தந்த வழி அது. குழந்தைகள் இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

* அரை நாள் சாப்பிடாமல், புழுக்கையும் குறைந்தால் அவசரம். காலை வரை காத்திருக்காதீர்கள்.

தண்ணீரில் குளிப்பாட்டவும் கூடாது. அடர்ந்த ரோமம் சீக்கிரம் காயாது. பூஞ்சைத் தொற்று வரும். இதற்கென விற்கும் மெல்லிய தூளில்தான் குளிக்க வேண்டும். ஆற்று மணல் ஆகாது. பகலில் தூங்கி, இரவில் குதிக்கும் பிராணி என்பதால் கூண்டை டி.வி. பக்கத்தில் வைக்காதீர்கள்.

நம் ஊர்ப் பக்கம் கால்நடை டாக்டர்கள் அதிகம் பார்ப்பது மாடு, ஆடு, நாய்தான். சின்சில்லாவுக்கு வைத்தியம் பார்ப்பவர் அருகில் யார் என்று விசாரியுங்கள். அவருடைய நம்பர் கிடைத்த பிறகு கூண்டு வாங்கலாம். கிடைக்கவில்லையா? பிள்ளையிடம் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் அழுகையோடு போய்விடும்.