குண்டு துளைக்காத உடையும் தங்கக் கட்டிகளும்

1982இல், நியூ ஜெர்சி மாநிலம் யூனியன் சிட்டியின் மேயர் வில்லியம் மஸ்டோ மீதான ஊழல் வழக்கில், அவரே வளர்த்துவிட்ட இளைஞர் ஒருவர் அவருக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறினார். அந்த நாட்களில் குண்டு துளைக்காத உடை அணிந்துதான் அவர் நடமாடினார். மஸ்டோவுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மறுநாள் நடந்த நகரத் தேர்தலில் மக்கள் மஸ்டோவையே ஜெயிக்க வைத்தார்கள். சாட்சி சொன்னவர் தோற்றுப்போனார். அவர் பெயர் பாப் மெனண்டெஸ்.

அந்த மெனண்டெஸை, 2024 ஜூலை 16 அன்று நியூயார்க் நீதிமன்றம் 16 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது. லஞ்சம் வாங்கியதோடு, எகிப்து அரசின் ஏஜென்டாகச் செயல்பட்டதும் அதில் அடக்கம். தண்டனை 11 ஆண்டுகள். அவர் அமெரிக்க செனட்டராகவும் செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவராகவும் இருந்தவர். எந்த நாட்டுக்கு ஆயுதம் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்பதில் அவர் வார்த்தைக்கு எடை இருந்தது. அந்த எடையைத்தான் அவர் விற்றார்.

2022 ஜூனில் எஃப்.பி.ஐ. அவர் வீட்டைச் சோதித்தபோது 4,80,000 டாலருக்கும் மேல் ரொக்கம் கிடைத்தது. கவர்களில் இருந்தது, பூட்ஸுக்குள் இருந்தது, அலமாரியில் தொங்கிய கோட்டுப் பைகளில் இருந்தது. அந்தக் கோட்டுகளில் அவர் பெயரே தைக்கப்பட்டிருந்தது. தங்கக் கட்டிகளும் இருந்தன.

அந்தப் பணத்துக்கு அவர் சொன்ன விளக்கத்தை நம்மால் மன்னிக்க முடியவில்லை. கியூபாவில் சொத்துப் பறிமுதலைச் சந்தித்த குடும்பம் எங்களுடையது, அந்தப் பயத்தில் வங்கியிலிருந்து பணம் எடுத்து வீட்டில் வைத்தேன் என்றார். 1959இன் புரட்சிக்கு முன்பே அவருடைய பெற்றோர் கியூபாவை விட்டு வந்துவிட்டார்கள். இவர் 1954இல் நியூயார்க்கில் பிறந்தவர். உடுத்திய துணியோடு மயாமிக்கு வந்து இறங்கிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் பட்ட துயரத்தை எடுத்து லஞ்சப் பணத்தின் மேல் போர்த்தினார். திருட்டைவிட இது கீழான செயல்.

குற்றம் அவரோடு நிற்கவில்லை, அவருடைய ஜனநாயகக் கட்சிக்கும் அதில் பங்கு உண்டு. புளோரிடா கண் மருத்துவர் ஒருவரிடம் பரிசுகள் வாங்கியதாக 2015இலேயே அவர்மேல் வழக்கு வந்தது. 2017இல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, பிறகு வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் இரு கட்சியினரும் இருந்த செனட் நெறிமுறைக் குழு 2018 ஏப்ரலில் அவரைக் கடுமையாகக் கண்டித்தது. பரிசுகளுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தண்டனை இல்லையென்றால் நிரபராதிதான் என்று ஜனநாயகக் கட்சியினர் வாதிடலாம். சிறைக்கு அனுப்பாமல் இருக்க அது போதும். பதவி கொடுக்க அது போதாது. அதே ஆண்டு கட்சி அவரை மீண்டும் செனட் வேட்பாளராக நிறுத்தியது, மக்களும் வாக்களித்தார்கள்.

2023 செப்டம்பரில் புதிய வழக்கு வந்ததும் கட்சியின் செனட்டர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விலகச் சொன்னார்கள். அவர் விலகியது 2024 ஆகஸ்டில். அந்தக் குரல் 2018இல் எழுந்திருக்க வேண்டும். ஏப்ரல் 2018இல் கண்டனக் கடிதம். பிப்ரவரி 2021இல் வெளியுறவுக் குழுத் தலைவர் நாற்காலி. இடையே மூன்று ஆண்டுகள்கூட இல்லை.